ஒரு வாடகை வீட்டை ராக் இசைக்குழு ஏன் வாங்கியது?

2023 மே மாதத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து வந்த செய்தி ஒன்று பலருக்கும் புரியாத புதிராக இருந்தது. அர்பானா என்னும் சிறிய நகரில், ஹை ஸ்ட்ரீட் என்ற தெருவில் நிற்கும் பழைய மரவீடு ஒன்றை ஐந்து தரப்பினர் கூட்டுச் சேர்ந்து விலைக்கு வாங்கியிருந்தார்கள். 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற ராக் இசைக்குழு, அதன் ஆல்பங்களை வெளியிடும் பாலிவினைல் நிறுவனம், கிறிஸ் ஸ்ட்ராங், அடீபா ஜெஃபர்சன் என்ற இரு புகைப்படக் கலைஞர்கள், சிகாகோவைச் சேர்ந்த 'ஓபன் ஹவுஸ் கன்டெம்பரரி' என்ற நிறுவனம் ஆகியோரே அவர்கள். வீடு இடிபடாமல் காப்பதுதான் நோக்கம் என்று அவர்கள் அறிவித்தார்கள்.

அந்த வீட்டில் புகழ்பெற்ற பாடல் எதுவும் பதிவு செய்யப்படவில்லை. பெரிய மனிதர் எவரும் அங்கே பிறக்கவுமில்லை. 1999-இல் வெளியான ஓர் ஆல்பத்தின் அட்டையில் அதன் படம் இருந்தது. அதற்கும் அந்த வீட்டுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். அந்த ஆல்பமும் வந்த காலத்தில் பெரிதாக விற்கவில்லை. அதை உருவாக்கிய குழு அடுத்த ஆண்டே கலைந்து, 14 ஆண்டுகள் இல்லாமலே இருந்தது. இல்லாத ஒரு குழு எப்படிப் பெயர் பெற்றது, பெற்ற பெயர் ஒரு வீட்டின்மேல் ஏன் போய் உட்கார்ந்தது என்பதை விளக்க, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் தீர்க்க வேண்டிய பெயர்க் குழப்பம்

'அமெரிக்கன் ஃபுட்பால்' என்பது இங்கே விளையாட்டின் பெயரல்ல. மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ் என்ற மூவர் 1997-இல் அர்பானாவில் தொடங்கிய இசைக்குழுவின் பெயர். இந்தப் பெயரை இணையத்தில் தேடினால் ஹெல்மெட் அணிந்த ஆட்டக்காரர்களே முன்னால் வந்து நிற்பார்கள் என்பதை 1997-இல் யாரும் யோசித்திருக்க முடியாது. தேடினால் எளிதில் கிடைக்காத பெயரை வைத்துக்கொண்டு இணையத்தின் வழியாகவே பரவியதை இந்தக் கதையின் சிறிய முரணாகக் கொள்ளலாம்.

குழப்பம் பெயரோடு முடியவில்லை. அவர்களுடைய முதல் மூன்று முழுநீள ஆல்பங்களுக்கும் குழுவின் பெயரே தலைப்பு. எனவே ரசிகர்கள் அவற்றை எல்பி-1 (1999), எல்பி-2 (2016), எல்பி-3 (2019) என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே உள்ள 17 ஆண்டு இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள்.

'இண்டி', 'எமோ' என்ற இரண்டு சொற்கள்

'இண்டி' என்பது ஆங்கிலத்தில் 'சுதந்திரமான' என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறிய நிறுவனங்கள் தம் சொந்தப் பணத்தில் வெளியிடும் இசையை அது தொடக்கத்தில் குறித்தது. இசைத்தட்டை வெளியிடும் நிறுவனத்தை இசைத்துறையில் 'லேபிள்' என்பார்கள். பெரிய லேபிள்கள் வழக்கமாகக் கலைஞருக்கு முன்பணம் கொடுத்து, விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை உரிமைத்தொகையாகக் கணக்கிடும். பல இண்டி லேபிள்களில் வழக்கம் வேறு. ஒலிப்பதிவுக்கும் அச்சுக்கும் ஆன செலவைக் கழித்துக்கொண்டு, மிஞ்சும் லாபத்தை லேபிளும் கலைஞரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். செலவு சிறியது என்பதால் நட்டமும் சிறியது. மெதுவாக விற்கும் ஆல்பத்தை நிறுத்திவிட வேண்டிய நெருக்கடியும் குறைவு. இந்தக் கடைசிக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

'எமோ' என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணை மறைக்கும் கறுப்பு முடியும் கண்மையுமாக 2000-களில் தொலைக்காட்சியில் வந்த இளைஞர்கள் நினைவுக்கு வரலாம். அது பிற்கால வடிவம். 1980-களின் நடுவில் வாஷிங்டன் நகரில் 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' போன்ற குழுக்கள், ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, ஆவேசமான இசைக்குள் தனிமனிதத் துயரத்தைக் கொண்டுவந்தபோது, 'உணர்ச்சிகரமான ஹார்ட்கோர்' என்ற பொருளில் கிளம்பிய பட்டப்பெயர் அது. 1990-களில் அந்தப் போக்கு இல்லினாய், விஸ்கான்சின் முதலிய நடுமேற்கு மாநிலங்களின் கல்லூரி ஊர்களுக்குப் பரவியபோது சத்தம் குறைந்தது. கிட்டாரின் தனித்தனிச் சுரங்கள் காதில் விழத் தொடங்கின. தாளக் கணக்குகள் சிக்கலாயின. இதைத்தான் 'மிட்வெஸ்ட் எமோ' என்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் இன்று அந்த வகையின் முகமாகக் கருதப்படுகிறது.

ஊர் எப்படிப்பட்டது

அர்பானாவும் அதை ஒட்டிய ஷாம்பெய்னும் இரட்டை நகரங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அர்பானாவில் சுமார் 38,000 பேர், ஷாம்பெய்னில் சுமார் 88,000 பேர். சிகாகோவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 215 கிலோமீட்டர். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் தட்டையான வயல்; நடுவில் 1867-இல் நிறுவப்பட்ட இல்லினாய் பல்கலைக்கழகம். ஊர் என்பதே ஏறக்குறைய பல்கலைக்கழகம்தான்.

இப்படிப்பட்ட ஊரில் இசைக்குழுக்கள் முளைப்பதற்கும் சாவதற்கும் ஒரே காரணம் உண்டு. மாணவர்கள் பழைய மரவீடுகளை நண்பர்களோடு பகிர்ந்து வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த வீடுகளில் நிலவறை இருக்கும். நீண்ட குளிர்காலத்தில் வெளியே போக வழியில்லாதபோது டிரம்ஸ் செட்டை அங்கே இறக்கி வைத்து ஒத்திகை பார்க்கலாம்; நாற்பது ஐம்பது பேரை அழைத்து நிகழ்ச்சியும் நடத்தலாம். கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வந்துகொண்டேயிருப்பார்கள். ஆனால் வாசிப்பவர்களும் மாணவர்களே. நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கியதும் சிகாகோவுக்கோ வேறெங்கோ வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். குழு தொடங்கும் நாளிலேயே முடியும் நாளும் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

இந்தச் சுழற்சிக்குள்ளிருந்துதான் 'போஸ்டர் சில்ட்ரன்', 'ஹம்', 'பிரெய்ட்' ஆகிய குழுக்கள் எழுந்தன. இவற்றுள் 'ஹம்' பெரிய நிறுவனமான ஆர்சிஏவுக்குப் போய் 1995-இல் 'ஸ்டார்ஸ்' என்ற பாடலால் நாடு முழுவதும் அறிமுகமானது. அமெரிக்கன் ஃபுட்பால் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

மூவரும் அவர்கள் விட்டுச்சென்ற ஒன்பது பாடல்களும்

மைக் கின்செல்லா குழுவுக்குப் புதியவரல்லர். சிகாகோ புறநகரில் அண்ணன் டிம் கின்செல்லாவுடன் 'கேப்'ன் ஜாஸ்' என்ற குழுவில் பதின்ம வயதிலேயே டிரம்ஸ் வாசித்தவர். அந்தக் குழு 1995-இல் கலைந்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்த மைக், இந்தக் குழுவில் டிரம்ஸை விட்டுக் கிட்டாரும் பாட்டும் எடுத்துக்கொண்டார். ஹோம்ஸ் இரண்டாவது கிட்டார். லாமோஸ் டிரம்ஸ், டிரம்பெட்டும் அவரே. பேஸ் கிட்டாருக்கு ஆளில்லை. ஒலிப்பதிவில் தேவைப்பட்ட இடத்தில் மைக்கே அதை வாசித்துச் சேர்த்தார். மேடையில் பேஸ் இல்லாமலே வாசித்தார்கள்.

1998-இல் மூன்று பாடல்கள் கொண்ட குறுந்தட்டு ஒன்று வந்தது. அடுத்த ஆண்டு அர்பானாவிலிருந்த 'பிரைவேட் ஸ்டுடியோஸ்' என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில் பிரெண்டன் கேம்பிள் பதிவு செய்ய, ஒன்பது பாடல்களை முடித்தார்கள். மொத்தம் சுமார் 41 நிமிடம். படிப்பு முடியும் தறுவாயில், குழு தொடராது என்பது தெரிந்த நிலையில் பதிவான ஆல்பம் அது. 1999 செப்டம்பர் 14 அன்று பாலிவினைல் அதை வெளியிட்டபோது, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிப்பதற்குக் குழு என்று ஒன்று ஏறக்குறைய இல்லை.

பாலிவினைலும் அந்த வட்டாரத்துப் பிள்ளைதான். பக்கத்து ஊரான டான்வில்லைச் சேர்ந்த மேட் லன்ஸ்ஃபர்ட், டார்சி நைட் இருவரும் 1990-களின் நடுவில் கையால் ஒட்டித் தயாரித்த ரசிகர் பத்திரிகையாகத் தொடங்கி, பின்னர் லேபிளாக வளர்த்தது. அட்டைப்படம் எடுத்த கிறிஸ் ஸ்ட்ராங்கும் அதே நட்பு வட்டத்தவர். இசை, பதிவு, வெளியீடு, படம் எல்லாமே ஒரே வட்டாரத்துக்குள் முடிந்துவிட்டன.

கிட்டாரின் மூன்று கம்பிகளில் செய்த மாற்றம்

இந்த ஆல்பத்தின் மறுவாழ்வை ஏக்கம், இளமை, பிரிவு என்ற சொற்களால் மட்டும் விளக்குவோர் பலர். எனக்கு அது போதவில்லை. ஏக்கமான ஆல்பங்கள் ஆயிரம் உண்டு, அவை மறக்கப்பட்டுவிட்டன. இதன் ஒலியிலேயே கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருள் இருந்தது என்பதைக் காட்டச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிட்டாரில் ஆறு கம்பிகள். வழக்கமான சுருதிசேர்ப்பில் தடித்த கம்பியிலிருந்து மெல்லியது நோக்கி அவை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஒலிக்கும். விரல் வைக்காமல் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்தால் எந்த இனிய ஒலியும் கிடைக்காது. ஆல்பத்தின் முதல் பாடலான 'நெவர் மென்ட்'டுக்கு இந்தக் குழு மூன்று கம்பிகளை மாற்றியது. (கிட்டார் கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுவது வழக்கம்; ஆறாவதுதான் மிகத் தடித்தது.)

1. ஆறாவது கம்பியை அரைச் சுரம் ஏற்றி எஃப் ஆக்கினார்கள்.
2. நான்காவது கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி சி ஆக்கினார்கள்.
3. இரண்டாவது கம்பியை அரைச் சுரம் ஏற்றி அதையும் சி ஆக்கினார்கள்.

இப்போது கம்பிகள் எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ. கர்நாடக இசை தெரிந்தவர்கள் இதை வேறு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஃப் சுரத்தை ஆதார ஷட்ஜமாக வைத்தால், கீழிருந்து மேலாக ச, க, ப. அடுத்த ஸ்தாயியில் ரி, ப, நி. ரிஷபம் சதுச்ருதி, காந்தாரம் அந்தரம், நிஷாதம் காகலி. மத்தியமமும் தைவதமும் இல்லை. அதாவது, விரலே வைக்காத ஆறு கம்பிகளிலும் ஒலிப்பவை ஹம்சத்வனியின் ஐந்து சுரங்கள்; ஆறாவதாக ஒன்று இல்லை. இது தற்செயல். ராகமாக யாரும் அதைக் கருதவில்லை. கமகமோ சஞ்சாரமோ அங்கே கிடையாது. நம் கச்சேரிகளில் தொடக்கத்துக்கு உகந்ததாய், உற்சாகமாய்ப் பாடப்படும் அதே சுரங்கள் அங்கே ஒரு காதலின் முடிவைப் பாட உதவியிருக்கின்றன என்பதை வேடிக்கையாக மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதன் விளைவு பெரியது. எந்தக் கம்பியைத் தவறிப்போய்த் தொட்டாலும் அபஸ்வரம் எழாது. ஒன்றிரண்டு விரல்களை நகர்த்தினாலே போதும். விரல் படாத கம்பிகள் பின்னணியில் தொடர்ந்து ரீங்கரிக்கும். கிட்டார் பழகும் ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து கம்பிகளை முறுக்கும் மூன்று பிருடைகளைத் திருப்பியதும் அந்த ஆல்பத்தின் ஒலியில் பாதி அவன் கையில் வந்துவிடுகிறது.

மீதிப் பாதி தாளத்தில் இருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் இசை தங்களைப் பாதித்ததாகக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். சிறு துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன்மேல் வேறு நீளமுள்ள இன்னொரு துணுக்கை ஓடவிடும் முறை அவருடையது. ஒரு கிட்டார் ஐந்து எண்ணிக்கைச் சுற்றிலும் மற்றது ஆறு எண்ணிக்கைச் சுற்றிலும் ஓடுவதாகக் கற்பனை செய்துகொண்டால், இரண்டும் முப்பதாவது எண்ணிக்கை முடிந்த பிறகுதான் மறுபடி ஒரே இடத்தில் தொடங்கும். அதுவரை ஒவ்வொரு முறையும் அவை சந்திக்கும் சுரம் மாறிக்கொண்டேயிருக்கும். இரண்டு கிட்டார்களே இருந்தும் பல கிட்டார்கள் போலக் கேட்பதற்கு இத்தகைய பின்னலே காரணம். குரலுக்கு வேலை குறைவு. பாட்டு வரிகள் சில, நண்பனுக்கு அனுப்பாமல் வைத்த கடிதத்தின் வாக்கியங்களைப் போலச் சுருக்கமானவை. பாட்டே இல்லாத வாத்திய உருப்படிகளும் ஆல்பத்தில் உண்டு.

குழு இல்லாத 14 ஆண்டுகளில் நடந்தது

2000-இல் குழு கலைந்தது. சண்டை எதுவுமில்லை, படிப்பு முடிந்தது, அவ்வளவே. மைக் கின்செல்லா 'ஓவன்' என்ற பெயரில் தனியாகப் பாடல்கள் வெளியிட்டுவந்தார். லாமோஸ் ஆசிரியப் பணிக்குப் போய், கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் பேராசிரியரானார். ஹோம்ஸ் இசைக்கு வெளியே வேலை பார்த்தார். இவர்கள் யாரும் எதையும் செய்யாதபோதே ஆல்பம் வளர்ந்தது. அதற்கான காரணங்களை அவற்றின் எடையைப் பார்த்து, முக்கியமானதிலிருந்து அடுக்குகிறேன்.

1. ஆல்பம் கடையில் இருந்தது. மேலே சொன்ன லேபிள் கணக்கு இங்கேதான் பொருள்படுகிறது. பெரிய நிறுவனத்தின் கையில் சிக்கியிருந்தால், விற்காத ஆல்பம் அச்சை விட்டு நீக்கப்பட்டு, உரிமை எங்கோ ஒரு கோப்பில் முடங்கியிருக்கக்கூடும். பாலிவினைல் 'ஆஃப் மான்ட்ரியல்' போன்ற வேறு குழுக்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்து, தன் பழைய வெளியீடுகளையும் கைவிடாமல் வைத்திருந்தது. யாரோ ஒருவர் நண்பரிடம் கேள்விப்பட்டு இந்த ஆல்பத்தை வாங்க நினைத்தால், வாங்க முடிந்தது. இசை மீண்டெழுவதைப் பற்றிப் பேசும்போது இந்த எளிய உண்மையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

2. இணையம் சரியான வேளையில் வந்தது. பாடல் கோப்புகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வழி செய்த நாப்ஸ்டர் 1999 ஜூனில் தொடங்கியது. ஆல்பம் வந்தது செப்டம்பரில். 2005-க்குப் பிறகு யூடியூபும் சேர்ந்துகொண்டது. மேடையேறாத குழுவின் பாடல்கள் மேடை இல்லாமலே ஊர் ஊராகச் செல்ல வழி பிறந்தது.

3. கற்றுக்கொண்டவர்கள் பரப்பினார்கள். கிட்டார் சுருதிசேர்ப்பையும் விரல் வைக்கும் இடங்களையும் எண்களால் குறிக்கும் 'டேப்' என்ற குறிப்பு முறை இருக்கிறது. இசைக்குறியீடு தெரியாதவரும் அதைப் பார்த்து வாசிக்கலாம். எஃப்-ஏ-சி-ஜி-சி-ஈ என்ற ஆறு எழுத்துகள் அப்படித்தான் கைமாறின. கேட்பவர் ஆல்பத்தை மறந்துவிடக்கூடும். வாசிக்கக் கற்றவர் எளிதில் மறப்பதில்லை. 2000-களின் இறுதியிலிருந்து பென்சில்வேனியாவின் 'அல்ஜெர்னான் காட்வாலடர்', சிகாகோவின் 'இன்டு இட். ஓவர் இட்.' போன்ற இளைய குழுக்கள் 1990-களின் நடுமேற்கு இசையை மறுபடி கையில் எடுத்தன. 'எமோ மறுமலர்ச்சி' என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தபோது, மூலம் எது என்று தேடிப்போனவர்கள் வந்து நின்ற இடங்களில் ஒன்று இந்த ஆல்பம்.

4. அட்டைப்படம். இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

2014: மறுவெளியீடும் மேடையும்

2014 மே மாதம் பாலிவினைல் அந்த ஆல்பத்தைப் புதிதாக அச்சிட்டு, ஒத்திகைப் பதிவுகள், வெளியாகாத துணுக்குகள் முதலியவற்றையும் சேர்த்து வெளியிட்டது. 15 ஆண்டுகளுக்கு முந்தைய 'நெவர் மென்ட்' பாடலுக்கு அப்போதுதான் ஒரு காணொளி எடுக்கப்பட்டது. இயக்கியவர் அதே கிறிஸ் ஸ்ட்ராங்.

மறுவெளியீட்டோடு குழு மறுபடி மேடையேறும் என்ற அறிவிப்பும் வந்தது. செப்டம்பரில் சொந்த ஊரான ஷாம்பெய்ன்-அர்பானாவில் நடந்த பிக்மேலியன் இசைவிழாவிலும், அக்டோபரில் நியூயார்க்கின் வெப்ஸ்டர் ஹாலிலும் வாசித்தார்கள். வெப்ஸ்டர் ஹால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் அரங்கு. அங்கே நடந்தவை மூன்று நிகழ்ச்சிகள். டிக்கெட்டுகள் அனைத்தும் தீர்ந்தன. கல்லூரிக் காலத்தில் நிலவறைகளிலும் சிறு கூடங்களிலும் சில பேருக்கு வாசித்த மூவருக்கு இது முற்றிலும் அறிமுகமில்லாத அளவு. பழைய பேஸ் பிரச்சினைக்கும் தீர்வு கண்டார்கள்: கின்செல்லாவின் உறவினர் நேட் கின்செல்லா நான்காமவராகச் சேர்ந்தார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புகழ்பெற்ற குழுக்கள் பிரிந்து மறுபடி சேரும்போது ஏற்கெனவே இருந்த கூட்டத்தைத் திரும்ப அழைக்கின்றன. அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத் திரும்ப அழைக்கக் கூட்டமே இருந்ததில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் குழு இருந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். ஆகவே 'மீள்வருகை' என்று இதைச் சொன்னாலும், நடைமுறையில் இது அறிமுகமே.

திரும்பி வந்தபின் எழுந்த சிக்கல்

பழைய ஒன்பது பாடல்களை எத்தனை காலம் வாசிப்பது? 2016 அக்டோபரில் எல்பி-2 வந்தது. 22 வயதில், ஊரைவிட்டுப் போகும் தறுவாயில் எழுதியவற்றின் நடையிலேயே, குடும்பமும் வேலையும் உள்ள நாற்பதை நெருங்கும் மனிதர்கள் எழுதிய பாடல்கள். அட்டையில் அதே வீட்டின் உட்புறம். முதல் ஆல்பத்தில் தெருவில் நின்று பார்த்தவர்கள் இரண்டாவதில் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டார்கள் என்று படத்தைப் படிக்கலாம். ஆனால் இசையைப் பொறுத்தவரை அவர்கள் வாசலைவிட்டு அதிகம் நகரவில்லை என்பது என் எண்ணம்.

துணிச்சல் எல்பி-3-இல் வந்தது. 2019 மார்ச்சில் வெளியான அந்த ஆல்பத்தில் பாடல்கள் நீண்டன, ஒலி விரிந்தது, வெளியிலிருந்து மூன்று பாடகியர் வந்தார்கள்: 'பாரமோர்' குழுவின் ஹேலி வில்லியம்ஸ், 'ஸ்லோடைவ்' குழுவின் ரேச்சல் காஸ்வெல், 'லேண்ட் ஆஃப் டாக்' குழுவின் எலிசபெத் பவல். பிரிட்டனின் ரெடிங் நகரைச் சேர்ந்த ஸ்லோடைவும் 1990-களில் கலைந்து 2014-இல் மறுபடி கூடிய குழு என்பது பொருத்தமான உடனிகழ்வு. அட்டையில் வீடு இல்லை. பனிமூட்டம் படர்ந்த வயல்வெளி இருந்தது.

இதற்குப் பின்னும் பாதை நேராக இல்லை. 2021-இல் லாமோஸ் விலகினார். டிரம்ஸும் டிரம்பெட்டும் ஒருசேர இல்லாமல் போன நிலையில் குழு ஏறக்குறைய நின்றுபோனது. 2023-இல் அவர் திரும்பியதும்தான் மறுபடி மேடையேறியது. 2024 அக்டோபரில் முதல் ஆல்பத்தின் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, 'அயன் அண்ட் ஒயின்', எத்தல் கெய்ன், 'மான்செஸ்டர் ஆர்கெஸ்ட்ரா' முதலிய பிற கலைஞர்கள் அந்தப் பாடல்களைத் தங்கள் முறையில் பாடிய தொகுப்பும் உடன் வந்தது. பெயரளவில் மூவர் விட்டுச்சென்ற ஒன்பது பாடல்கள் இப்போது பலருடைய கையிருப்பு.

அதே ஊரின் 'ஹம்' இதற்கு எதிர்த்திசையில் போனது. 2020 ஜூனில் முன்னறிவிப்பே இல்லாமல் 'இன்லெட்' என்ற புதிய ஆல்பத்தை வெளியிட்டு, பழையதை அண்டாமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அந்த வழி எளிதாக இல்லை. அதன் கேட்பவர்கள் ஒரே ஓர் ஆல்பத்தின் வழியாக உள்ளே வந்தவர்கள்.

வீடு முகமானது எப்படி

இனி வீட்டுக்கு வரலாம். முதல் ஆல்பத்தின் அட்டையில் நாம் காண்பது இது: கீழிருந்து அண்ணாந்து எடுத்த கோணம், சரிவான கூரை, மேல்மாடி ஜன்னலில் வெளிச்சம், பச்சை கலந்த இரவு. மனிதர் யாரும் இல்லை. மாணவர்கள் வாடகைக்கு இருந்த, அந்த ஊரில் தெருவுக்குத் தெரு காணக்கூடிய சாதாரண வீடு.

குழு நடப்பில் இருந்திருந்தால் அதன் புகைப்படங்கள், நேர்காணல்கள், மேடைக் காட்சிகள் எல்லாம் பரவியிருக்கும். இல்லாத குழுவுக்கு அவை மிகக் குறைவு. எனவே ஆல்பத்தைக் கண்டெடுத்த இளைஞர்களுக்குக் குழுவின் முகமாகக் கிடைத்தது அந்த ஜன்னல் வெளிச்சம் மட்டுமே. படத்தை வெட்டி ஒட்டிக் கேலிப்படங்கள் செய்தார்கள். பிறகு அர்பானாவுக்கே வந்து, அதே கோணத்தில் அண்ணாந்து நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டேயிருக்க, புல்வெளியில் வந்து நிற்பவர்கள் மட்டும் வந்தபடி இருந்தார்கள்.

பல்கலைக்கழக ஊர்களில் பழைய மரவீடுகளுக்கு ஆயுள் கெட்டியல்ல. மனையின் மதிப்பு வீட்டின் மதிப்பைத் தாண்டும்போது, இடித்துவிட்டு மாணவர்களுக்கான அடுக்குமாடி கட்டுவதே உரிமையாளருக்கு லாபம். ரசிகர்களின் அன்பு அந்தக் கணக்கில் ஏறாது. இடிக்கும் உரிமை உரிமையாளரிடம் இருக்கும்வரை, காப்பதற்கு உறுதியான வழி உரிமையாளராகிவிடுவதே. 2023-இல் நடந்தது அதுதான்.

வாங்கியவர்களின் பட்டியலை மறுபடி பார்த்தால், அதில் மூன்று பெயர்கள் 1999-இலும் அந்த ஆல்பத்தின் உறையில் இருந்தவை: வாசித்த குழு, வெளியிட்ட லேபிள், படமெடுத்த கிறிஸ் ஸ்ட்ராங். அன்று ஓர் இரவு தெருவில் நின்று படம்பிடித்த வீட்டின் பத்திரம் 24 ஆண்டுகள் கழித்து அவர்கள் கைக்கு வந்திருக்கிறது.